கல்லூரி விண்ணப்பத்தில் சமூக சேவை: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குச் சமூக சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் பொதுவாக இருக்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகள் 10-ம் வகுப்பு படிக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் 300 மணி, 500 மணி என்று கணக்குச் சொல்கிறார்கள். நல்ல கல்லூரியில் இடம் கிடைக்க எத்தனை மணி நேரம் சேவை செய்திருக்க வேண்டும்?

பதில்: இத்தனை மணிக்கு மேல் என்றால் உள்ளே, குறைந்தால் வெளியே என்று கல்லூரிகள் கோடு போட்டு வைத்திருப்பதில்லை. மணிக்கணக்கு கட்டாயமாக இருப்பது சில இடங்களில் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குத்தான். மேரிலாந்து மாநிலத்தில் 75 மணி, வாஷிங்டன் டி.சி.யில் 100 மணி. அந்தக் கணக்கை முடிப்பதால் மட்டும் அட்மிஷனில் யாரும் தனித்துத் தெரியப்போவதில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் அதை முடித்திருக்கும்.

ஒரு கல்லூரி சேவைக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் 'சி7' என்ற அட்டவணையைப் பாருங்கள். மதிப்பெண், எடுத்த பாடங்களின் கடினம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று வரிசையாக இருக்கும். 'வாலண்டியர் வொர்க்' என்று ஒரு வரியும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மிக முக்கியம், முக்கியம், கவனிக்கப்படும், கவனிக்கப்படாது என்ற நான்கில் ஒன்றைக் கல்லூரியே குறித்திருக்கும். உங்கள் மகள் விரும்பும் ஐந்தாறு கல்லூரிகளுக்கு இதை எடுத்துப் பார்த்தால் ஊரார் சொல்லும் கணக்குகளுக்கு வீட்டில் இடமிருக்காது. பாடங்களும் மதிப்பெண்ணும் அதில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். சேவைக்கு நேரம் வேண்டும் என்பதற்காகக் கடினமான ஒரு பாடத்தை விட்டுவிடுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு.

இப்போது விண்ணப்பத்தைப் படிப்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். ஒரு மாணவி பன்னிரண்டு இடங்களில் பத்துப் பத்து மணி நேரமாக 120 மணி சேர்த்திருக்கிறாள். இன்னொருத்தி ஒரே உணவு வங்கியில் இரண்டு ஆண்டுகளில் அதே 120 மணி. முதலாமவளிடம் வேலையைப் பழகிக்கொள்ளவே எங்கும் நேரம் இருந்திருக்காது. யாரும் அவளை நம்பி எதையும் ஒப்படைத்திருக்கவும் மாட்டார்கள். இரண்டாமவள் முதல் மாதம் டப்பாக்களை அடுக்கியிருப்பாள், ஆறாம் மாதம் காலாவதித் தேதி பார்த்துப் பிரிக்கும் மேசை அவள் பொறுப்புக்கு வந்திருக்கும், இரண்டாம் ஆண்டில் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே கற்றுக்கொடுத்திருப்பாள். மணி எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும், இரண்டாமவளைப் பற்றித்தான் கல்லூரிக்கு ஏதோ தெரிகிறது. 10-ம் வகுப்பிலேயே கேட்டிருக்கிறீர்கள், நல்லது. வாரம் இரண்டு மணி நேரம் போதும்; ஒரே இடம், விடாமல்.

கேள்வி: மகன் மூன்று ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருக்கிறான். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான 'காமன் ஆப்' படிவத்தில் இதற்கு ஒரு சின்னப் பெட்டிதான் இருக்கிறது. எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் மகனின் சேவையில் பாதி மதிப்பு அந்தச் சின்னப் பெட்டியில்தான் தொலைந்துபோகும், அல்லது நிற்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

காமன் ஆப்பில் மொத்தம் பத்து நடவடிக்கைகளைச் சேர்க்கலாம். ஒவ்வொன்றிலும் பொறுப்பின் பெயருக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, செய்த வேலைக்கு 150. இடைவெளியும் நிறுத்தக்குறியும் இந்தக் கணக்கில் சேரும். 'நான்' என்று தொடங்க வேண்டாம். முழு வாக்கியமும் தேவையில்லை. வினைச்சொல்லில் தொடங்கி அரைப்புள்ளி போட்டுக்கொண்டே போகலாம். இப்போதும் செய்கிற வேலை என்றால் நிகழ்காலம்.

பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவது இந்தப் பாணியில் இருக்கும்: "தமிழ்ப் பள்ளியில் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்க உதவினேன், பொறுமையும் தலைமைப் பண்பும் கற்றுக்கொண்டேன்." இதில் படிப்பவருக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. உதவி ஆசிரியர் கற்பிக்க உதவினார் என்பது பொறுப்பின் பெயரிலேயே இருக்கிறது. பொறுமை கற்றேன் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள்.

அதே வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டாம் நிலையில் 14 பேருக்கு வகுப்பு, உயிர்மெய் வரிசைக்கு 40 அட்டைகள் தயாரிப்பு, பின்தங்கிய 5 பேருக்கு வாரந்தோறும் தனி வாசிப்பு, புதிய உதவியாளர் 3 பேருக்குப் பயிற்சி." ஆங்கிலத்தில் எழுதினால் இது 150 எழுத்துக்குள் அடங்கிவிடும். யாருக்கு, எத்தனை பேருக்கு, எதை உருவாக்கினான், யார் அவனை நம்பினார்கள் என்ற நான்கும் வந்துவிட்டன. எண்கள் உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 14 பேர் என்றால் 14, 'ஏராளமானோர்' வேண்டாம்.

அமைப்பின் பெயரில் இன்னொரு சிக்கல். நம் தமிழ்ச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் நமக்குத் தெரியும், அட்மிஷன் அதிகாரிக்குத் தெரியாது. சுருக்கத்தை விரித்து எழுதுங்கள். வார இறுதியில் நடக்கும் தாய்மொழிப் பள்ளி என்பதையும் அதே 100 எழுத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது மணிக்கணக்கு. 'வாரத்துக்கு எத்தனை மணி', 'ஆண்டுக்கு எத்தனை வாரம்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். வகுப்பு இரண்டு மணி நேரம், அதற்கான தயாரிப்பு ஒரு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 3. பள்ளி நடப்பது 30 வாரம் என்றால் ஆண்டுக்கு 30. ஒரு ஆண்டுக்கு 90 மணி. மூன்று ஆண்டுகள் செய்தது, எந்தெந்த வகுப்புகள் என்று டிக் செய்வதிலேயே தெரிந்துவிடும். மூன்று ஆண்டுக் கூட்டுத்தொகையான 270-ஐ எங்காவது திணிக்கப் பார்ப்பது, விடுமுறை வாரங்களையும் சேர்த்து 52 என்று போடுவது ஆகிய இரண்டும் அடிக்கடி நடக்கும் தவறுகள். எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு, பள்ளி நடக்கும் காலத்தில் செய்யும் நடவடிக்கைகளின் வார மணிகளைக் கூட்டிப் பாருங்கள். பள்ளிக்கூட நேரம் போக வாரத்துக்கு 50, 60 மணி என்று வந்தால், படிப்பவர் அதை நம்ப மாட்டார். அந்த ஒரு கூட்டுத்தொகை மற்ற உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்குத் தனி விண்ணப்பம். அங்கே 20 பதிவுகள் வரை இடம் உண்டு. செய்த வேலையை 350 எழுத்தில் விளக்கலாம், அமைப்பைப் பற்றிச் சொல்லவும் தனி இடம் உண்டு. எனவே காமன் ஆப் வரியை அப்படியே ஒட்டாமல் விரித்து எழுதுங்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.க்கும் தனி விண்ணப்பம்தான். அங்கே கேட்பதே நான்கு நடவடிக்கைகள். அந்த நான்கில் தமிழ்ப் பள்ளி வருமா என்பதை மகனே முடிவு செய்யட்டும். மூன்று ஆண்டு உழைப்பு என்பதால், வரலாம் என்றே தோன்றுகிறது.

கேள்வி: என் மாமியார் படுக்கையில் இருக்கிறார். பள்ளி விட்டு வந்ததும் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். வெளியே போய்ச் சேவை செய்ய அவளுக்கு நேரமே இல்லை. விண்ணப்பம் வெறுமையாக இருக்குமே?

பதில்: இருக்காது. காமன் ஆப்பின் நடவடிக்கைப் பட்டியலில் 'குடும்பப் பொறுப்புகள்' என்றே ஒரு வகை இருக்கிறது. உங்கள் மகள் செய்வதை அங்கே எழுத வேண்டும், அதுவும் பட்டியலின் மேலே. ஹார்வர்டு கல்விப் பள்ளியின் ஒரு திட்டம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகள் வீட்டுக்கு ஆற்றும் பங்கையும் கல்லூரிகள் மதிக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. பல முன்னணிக் கல்லூரிகளின் அட்மிஷன் தலைவர்கள் அதை ஆதரித்தார்கள்.

இங்கும் விவரம்தான் முக்கியம். மாலை நான்கு முதல் ஏழு வரை, வாரம் ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 15 மணி. மருந்து கொடுப்பது, சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்துவைப்பது, மருத்துவரிடம் மொழிபெயர்ப்பது என்று அவள் செய்வதையெல்லாம் சொல்லலாம். நம் வீடுகளில் இதைச் சேவை என்று யாரும் சொல்வதில்லை, கடமை என்பார்கள். பிள்ளைகள் இதை எழுதாமலே விட்டுவிடுவது அதனால்தான். மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடமும் நிலைமையைச் சொல்லிவிடுங்கள். அவர் தன் பரிந்துரைக் கடிதத்தில் ஒரு வரி எழுதினால், மற்ற நடவடிக்கைகள் ஏன் குறைவு என்ற கேள்வியே எழாது.

கேள்வி: சொந்தமாக ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினால் விண்ணப்பம் எடுபடும் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். மகன் 11-ம் வகுப்பு. தொடங்கலாமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வோம்.

என்னென்ன வேலை என்று முதலில் பாருங்கள். மாநிலத்தில் லாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிவு. இயக்குநர் குழு, விதிமுறைகள். வருமான வரித் துறையிடம் 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதிக்கு விண்ணப்பம். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள்ளும் சொத்து 2,50,000 டாலருக்குள்ளும் இருக்கும் சிறிய அமைப்புகள் 1023-இஇசட் என்ற சுருக்கப் படிவத்தைப் பயன்படுத்தலாம். அதற்குக் கட்டணம் 275 டாலர். முழுப் படிவம் என்றால் 600 டாலர். பல மாநிலங்களில் 18 வயது ஆகாதவர் இயக்குநராக இருக்க முடியாது. ஆக, காகிதத்தில் நிறுவனம் அப்பா அம்மா பெயரில்தான் இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் வரித் துறைக்கு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் செய்யாவிட்டால் வரிவிலக்குத் தகுதி தானாகவே ரத்தாகும். மகன் கல்லூரிக்குப் போன பிறகு இதையெல்லாம் யார் பார்ப்பது?

11-ம் வகுப்பில் பிறந்து 12-ம் வகுப்பு முடியும்போது மூச்சை நிறுத்திய அமைப்புகளை அட்மிஷன் அலுவலகங்கள் ஆண்டுதோறும் பார்க்கின்றன. இணையதளம், சின்னம், 'நிறுவனர்' பட்டம் எல்லாம் இருக்கும்; பயன்பெற்றவர் யார் என்று தேடினால் ஆள் இருக்காது. உங்கள் மகனிடம் ஒரு நல்ல யோசனை இருந்தால், அதை ஏற்கெனவே இயங்கும் ஓர் இடத்துக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். உள்ளூர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கணக்கு வகுப்பு நடத்த அனுமதி கேட்க ஒரு மின்னஞ்சல் போதும். இடமும் காப்பீடும் பொறுப்பும் நூலகத்தினுடையவை. மகனின் நேரம் முழுவதும் பிள்ளைகளுக்குப் போகும். தனியாகப் பதிவு செய்தே ஆக வேண்டிய காரணம் உண்மையிலேயே இருந்தால், உதாரணமாகத் தொடர்ந்து நன்கொடை பெற வேண்டியிருந்தால், அப்போது யோசிக்கலாம்.

காசு கட்டி வெளிநாடு போய் இரண்டு வாரம் சேவை செய்யும் பயணங்களைப் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். போய்வர ஆசையிருந்தால் போகலாம். விண்ணப்பத்துக்காக என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: நாங்கள் எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கிறோம். மகள் மருத்துவமனையில் வாலண்டியராகச் சேரலாமா? விசாவுக்குப் பிரச்சினை வருமா?

பதில்: மருத்துவமனை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் தன்னார்வலர் திட்டத்தில், ஊதியம் எதுவும் இல்லாமல் சேவை செய்யலாம். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த வேலை வழக்கமாகவே ஊதியமில்லாத தன்னார்வலர்கள் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யும் வேலையை உங்கள் மகள் மட்டும் இலவசமாகச் செய்தால், அது இந்த விசாவில் பிள்ளைகளுக்கு அனுமதியில்லாத வேலையாகவே கருதப்படக்கூடும். தனியார் கம்பெனிகளின் ஊதியமில்லா இன்டர்ன்ஷிப்பில் இந்த ஆபத்து அதிகம். 'சின்ன ஊக்கத்தொகை', 'கிஃப்ட் கார்டு' என்று எதையாவது கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உணவு வங்கி, நூலகம், தமிழ்ப் பள்ளி, கோயில் அன்னதானம் போன்றவற்றில் சிக்கல் வருவதில்லை. சந்தேகமாக இருக்கும் வாய்ப்பு என்றால் சேருவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

மருத்துவமனைகள் பலவற்றில் குறைந்தபட்ச வயது, காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, அறிமுக வகுப்பு என்று முன்நிபந்தனைகள் உண்டு. கோடைக்கால இடங்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் வாங்கி முடித்துவிடுவார்கள். சமூகப் பாதுகாப்பு எண் கேட்டால், மகளுக்கு அது இல்லை என்பதைச் சொல்லி வேறு அடையாள ஆவணம் ஏற்பார்களா என்று கேளுங்கள். பின்னால் கட்டுரை எழுதும்போது நோயாளியை அடையாளம் காட்டும் எந்த விவரமும் வரக்கூடாது.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளியில் அமெரிக்க அதிபரின் தன்னார்வ சேவை விருது வாங்கித் தந்தார்கள். அதை எங்கே எழுதுவது? தம்பிக்கும் வாங்கலாமா?

பதில்: காமன் ஆப்பில் பரிசுகளையும் விருதுகளையும் எழுதும் 'ஹானர்ஸ்' பகுதியில் எழுதலாம். அங்கே மொத்தம் ஐந்து இடங்கள்தான். ஓர் ஆண்டில் முடித்த மணிக்கணக்குக்குத் தரப்பட்ட விருது இது. 11 முதல் 15 வயதுவரை 50 மணிக்கு வெண்கலம், அதற்கு மேல் வயதானவர்களுக்கு 100 மணிக்கு வெண்கலம் என்று போனது. நிறையப் பேரிடம் இருக்கும் விருது என்பதால், பாடத்திலோ போட்டியிலோ பெற்ற பரிசுகள் இருந்தால் அவற்றுக்குக் கீழே வையுங்கள். அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களும் மட்டுமே தகுதி உடையவர்களாக இருந்தார்கள். இந்தத் திட்டம் 2025-ல் நிறுத்திவைக்கப்பட்டது. எனவே தம்பி இதை நம்பி மணி சேர்க்க வேண்டாம்.

கேள்வி: சேவை அனுபவத்தை வைத்துக் கட்டுரை எழுதினால் அட்மிஷன் அதிகாரிகளுக்குச் சலித்துவிடும் என்கிறார்களே?

பதில்: சலிப்பது சேவை அல்ல, அதை எழுதும் விதம். 'ஏழைக் குழந்தைகளைப் பார்த்தேன், என் வாழ்க்கை எவ்வளவு வசதியானது என்று உணர்ந்தேன்' என்ற வகைக் கட்டுரையில் அந்தக் குழந்தைகள் வெறும் கண்ணாடி. எழுதியவர் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொள்கிறார். உதவி பெற்றவர்களுக்கும் அது மரியாதையில்லை.

ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பு வகுப்புக்கு முதல் வாரம் 12 பிள்ளைகள் வந்தார்கள், நான்காம் வாரம் 4 பேர்தான். ஏன்? பெற்றோரிடம் கேட்டபோது, வகுப்பு நேரமும் கடைசிப் பேருந்து நேரமும் மோதுவது தெரிந்தது. நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்த யாரிடம் பேசினீர்கள், அவர்கள் ஏன் முதலில் மறுத்தார்கள், நகர்த்திய பிறகும் எது சரியாகவில்லை? இதை எழுதினால், நீங்கள் கவனிப்பவர், கேட்டுத் தெரிந்துகொள்பவர் என்பதை நீங்கள் சொல்லாமலே படிப்பவர் புரிந்துகொள்வார். காமன் ஆப் முதன்மைக் கட்டுரை அதிகபட்சம் 650 சொல். கலிபோர்னியா விண்ணப்பத்தில் எட்டுக் கேள்விகளில் நான்குக்குத் தலா 350 சொல்லுக்குள் எழுத வேண்டும்; பள்ளியையோ சமூகத்தையோ மேம்படுத்த என்ன செய்தீர்கள் என்பது அந்த எட்டில் ஒன்று. பல கல்லூரிகளின் துணைக் கட்டுரைகளிலும் 'உங்கள் சமூகம்' பற்றிய கேள்வி வருகிறது. முதன்மைக் கட்டுரைக்கு வேறு விஷயத்தை வைத்துக்கொண்டு, சேவையை இந்த இடங்களுக்கு ஒதுக்கி வைப்பது பல பிள்ளைகளுக்குச் சரியாக வரும். ஒரே சம்பவத்தை ஒரே கல்லூரிக்கு இரண்டு முறை சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் 12-ம் வகுப்பு. இது செப்டம்பர். என்னிடம் சேவை என்று ஒன்றுமே இல்லை. முன்கூட்டியே விண்ணப்பிப்பதற்கான கடைசி நாளான நவம்பர் 1-க்குள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: அவசரமாக மூன்று இடங்களில் பெயர் கொடுக்காதீர்கள். 12-ம் வகுப்பு மட்டும் டிக் செய்யப்பட்ட மூன்று சேவைகள் வரிசையாக இருந்தால், எதற்காகச் சேர்ந்தீர்கள் என்பது பளிச்சென்று தெரியும். முதலில் ஒரு தாளை எடுத்து, 9-ம் வகுப்பிலிருந்து மற்றவர்களுக்காகச் செய்தவற்றை எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தது, பண்டிகை விழாவில் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்டது, பகுதிநேர வேலை எல்லாம் வரும். சம்பளம் வாங்கிய வேலைக்கும் தனி வகை உண்டு. அதுவும் பொறுப்பைக் காட்டுவதுதான். சேவைப் பட்டியல் இல்லாமலேயே இடம் பெறுகிற மாணவர்கள் ஏராளம். ஏதாவது ஒரு வேலை உண்மையாகவே பிடித்திருந்தால் இப்போது தொடங்குங்கள், ஆனால் மே மாதம் வரை தொடரும் எண்ணத்தோடு. இந்த இரண்டு மாதங்களில் உங்கள் நேரத்துக்கு அதிகப் பலன் தருவது கட்டுரைகளும் முதல் பருவ மதிப்பெண்ணும்தான்.

கேள்வி: சேவை செய்ததற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டுமா?

பதில்: காமன் ஆப்பில் கேட்பதில்லை, கேட்காததை அனுப்பவும் வேண்டாம். வீட்டில் ஒரு பதிவேடு மட்டும் வைத்திருங்கள்: தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, செய்த வேலை ஒரு வரியில், பொறுப்பாளரின் பெயர், அவருடைய மின்னஞ்சல். ஒவ்வொரு முறையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும் கணக்கு எப்போதும் ஏறித்தான் இருக்கும். ஆண்டு முடிவில் பொறுப்பாளரிடம் ஒரு சிறு கடிதம் வாங்கி வைப்பது நல்லது, ஏனென்றால் அவர் வேறு ஊருக்குப் போய்விடலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் விண்ணப்பித்தவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, எழுதிய நடவடிக்கைக்கு ஆதாரம் கேட்பது வழக்கம். மின்னஞ்சலில்தான் கேட்பார்கள், ஸ்பேம் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருங்கள். குறித்த நாளுக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பத்தையே ரத்து செய்துவிடுவார்கள்.